அஞ்சடி: சிங்கப்பூர்க் கடைவீதியின் கூரையிட்ட ஓரம்

சிங்கப்பூரின் பழைய கடைவீதிகளில், கடையின் முன்சுவருக்கும் தெருவோரச் சாக்கடைக்கும் இடையே, மேல்மாடியையே கூரையாகக் கொண்டு கட்டடத்துக்குக் கட்டடம் தொடர்ந்து செல்லும் நடைவழியை அங்குள்ள தமிழர் அஞ்சடி என்றும், மலாய்க்காரர் காக்கி லீமா என்றும் வழங்குவர். ஐந்தடி என்பது பெயரளவான அகலமே. பல தெருக்களில் அது ஆறடி, ஏழடி எனவும் அமைந்திருக்கிறது. அகலத்தைக் காட்டிலும் அதன் உரிமைநிலையே வரலாற்றில் பெருஞ்சிக்கலாக இருந்தது. நிலம் கடைக்காரருடையது, அதன்மேல் நடக்கும் உரிமை ஊராருடையது என்ற இந்த இரட்டை ஏற்பாடு, குடியேற்ற அரசு தன் செலவில் ஓர் அடி நிலமும் வாங்காமல் நடைபாதை பெற்றுக்கொள்ள உதவியது. அதற்கான விலையை அடுத்துவந்த நகர நிர்வாகங்கள் கொடுத்தன.

1819இல் தீவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகத்தளத்தை நிறுவிய ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ், 1822ஆம் ஆண்டின் இறுதியில் திரும்பிவந்தபோது, ஊர் தன் போக்கில் வளர்ந்துவிட்டதைக் கண்டு நகர அமைப்புக் குழு ஒன்றை நியமித்தார். அந்த ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் அக்குழுவுக்கு அவர் அளித்த கட்டளைகளில், கடைவீடுகள் செங்கல்லால் கட்டப்பட்டு ஓடு வேயப்பட வேண்டும் என்பதோடு, ஒவ்வொன்றும் குறித்த ஆழமுள்ள முன்தாழ்வாரம் கொண்டிருக்க வேண்டும் என்பதும், அத்தாழ்வாரங்கள் தெருவின் இருபுறமும் எந்நேரமும் திறந்த தொடர்வழியாக இருக்க வேண்டும் என்பதும் இடம்பெற்றன. கடைவீடு என்பது கீழே வணிகமும் மேலே குடியிருப்பும் கொண்டு, குறுகிய முகப்பும் நீண்ட உட்பகுதியுமாக, பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் பகிர்ந்து நிற்கும் கட்டடம். ஆண்டு முழுவதும் வெயிலும் திடீர் மழையும் மாறிமாறி வரும் ஊரில் இந்த விதி அறிவார்ந்ததே. ஆயினும் பத்தடிக்கும் இருபதடிக்கும் இடைப்பட்ட முகப்பை மட்டுமே கொண்ட வணிகனிடம் அந்த முகப்பிலேயே ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கச் சொன்ன விதி, அவன் அதை மீண்டும் எடுத்துக்கொள்ளத் துணிவான் என்பதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எடுத்துக்கொண்டவர்கள் கடைக்காரர் மட்டுமல்லர். கடிதம் எழுதிக்கொடுப்போர், நாவிதர், செருப்புத் தைப்போர், பூக்கட்டுவோர், கிளி ஜோசியர், நாணயம் மாற்றுவோர், வேர்க்கடலையும் சுருட்டும் விற்ற தமிழ் முஸ்லிம்கள் என, வாடகைக்குக் கடை பிடிக்க இயலாத ஒரு வணிக உலகமே அந்த நிழலில் உட்கார்ந்து பிழைத்தது. கடைக்காரர் பலர் அவர்களிடம் சிறு வாடகையும் பெற்றனர். இரவில் தங்குமிடம் இல்லாத கூலிகள் அங்கேயே படுத்தனர். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்கள் நடத்திய கிட்டங்கிகள், அதாவது வட்டித்தொழில் செய்வோர் பலர் ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியடி வைத்து அமர்ந்த கடைவீடுகள், இந்த வழியை நோக்கியே வாசல் கொண்டிருந்தன. கடன் கேட்டு வந்தவர்களின் காத்திருப்புக் கூடமாகவும் அது பயன்பட்டது எனலாம்.

இந்த நடைவழியைத் துப்புரவாக்க நகராண்மை முனைந்தபோது மோதல் தவிர்க்க முடியாததாயிற்று. 1887ஆம் ஆண்டு நகராண்மைச் சட்டம் தாழ்வாரத் தடைகளை அகற்றும் அதிகாரத்தை வலுப்படுத்த, நகராண்மைத் தலைவர் டாக்டர் ரோவெல் அதை உடனே செயல்படுத்தத் தொடங்கினார். 1888 பிப்ரவரி 21 முதல் கடைகள் அடைக்கப்பட்டன; அப்போது நகரில் ஓடிக்கொண்டிருந்த நீராவி டிராம்கள்மீது கற்கள் எறியப்பட்டன; சில நாட்கள் நகர வாழ்வு முடங்கியது. 'வெராண்டா கலவரம்' என்று ஏடுகளில் பதிவான இந்நிகழ்வுக்குச் சீன இரகசியச் சங்கங்களே காரணம் என்று அதிகாரிகள் கருதினாலும், இடம் பறிபோனால் பிழைப்பும் போகும் என்று அஞ்சியவர்களுக்குச் சங்கத்தின் தூண்டுதல் பெரிதும் தேவைப்பட்டிராது. இறுதியில், ஆள் நடந்து செல்ல வழி விட்டால் மீதி இடத்தில் சரக்கு வைக்கலாம் என்ற நடுவழிக்கு நகராண்மை இறங்கிவந்தது. சட்டப்புத்தகத்தில் தோற்றவர்கள் தெருவில் வென்ற இந்தச் சமரசமே அடுத்த பல பத்தாண்டுகளுக்கு நடைமுறை விதியாக நிலைத்தது.

இதே அமைப்பு பினாங்குக்கும், 1884க்குப் பின் ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் செங்கல்லால் மீண்டும் கட்டச்செய்த கோலாலம்பூருக்கும் பரவியது. சிங்கப்பூரில் விடுதலைக்குப் பின், தெரு வியாபாரிகள் 1960களின் இறுதியில் பதிவு செய்யப்பட்டு, 1980களின் நடுப்பகுதிக்குள் உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டதோடு அஞ்சடியின் நெரிசல் பெரிதும் தணிந்தது. ஆனால் அதே ஆண்டுகளில் நகர மையத்தின் கடைவீடுகள் பல இடிக்கப்பட்டதால், கூட்டம் குறைந்த வழியே பல தெருக்களில் இல்லாமற்போயிற்று. 1989இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் ஆகியவை பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டபோது, எஞ்சிய அஞ்சடிகள் கட்டடங்களோடு சேர்த்துக் காக்கப்பட்டன.

காப்பாற்றப்பட்டவை நடக்க எளியவை அல்ல. ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் தரையைத் தாமே போட்டுக்கொண்டதால், ஒரு கடைக்கும் அடுத்ததற்கும் இடையே படி ஏறி இறங்க வேண்டியிருக்கும்; சக்கர நாற்காலிக்கு அது சுவரே. பிற்காலத்தில் சில இடங்களில் சரிவுப்பாதைகள் அமைக்கப்பட்டாலும், பழைய தரையோட்டையும் காக்க வேண்டும் என்ற பாதுகாப்பு விதி அத்திருத்தத்தை எளிதாக விடுவதில்லை. 2013இல் தொடங்கிய மற்றொரு திட்டம், ரயில் நிலையங்களிலிருந்து 400 மீட்டர் தொலைவுக்குள் கூரையிட்ட நடைபாதைகளை அரசே கட்டத் தீர்மானித்தது. மழைக்கும் வெயிலுக்கும் கூரை என்ற எண்ணத்தில் அது ராஃபிள்ஸின் கட்டளையைப் பின்பற்றுகிறது; ஆனால் கூரையைக் கட்டும் பொறுப்பு இம்முறை கடைக்காரரிடம் விடப்படவில்லை.