கல்லூரி வாசலில் நாம் கேட்க வேண்டிய கேள்விகள்: இரட்டைமலையார் முதல் அனந்தபுரம் வரை

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரத்தில் செஞ்சி, அனந்தபுரம், விக்கிரவாண்டி, திண்டிவனம் என்று எங்கள் பக்கத்துப் பேருந்து நிறுத்தங்கள் எல்லாம் கல்லூரி பிளக்ஸ்களால் நிரம்பிவிடும். நூறு சதவீத வேலைவாய்ப்பு, எஸ்.சி. மாணவர்களுக்குக் கட்டணமே இல்லை, ஊர் வாசலுக்கே பேருந்து. பிளக்ஸைத் தொடர்ந்து ஏஜென்ட் வருவார். காலனியில் நாலு வீட்டுப் படியேறுவார். போகும்போது மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றிதழும் அவர் பையில் போய்விடும். நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ போய்த் திரும்பிய தாய்க்கு, பிள்ளைக்கு சீட் கிடைத்துவிட்டது என்பது மட்டும் தெரியும். எந்தக் கல்லூரி, எந்த ஒதுக்கீடு, யார் கட்டணம் கட்டுவது என்பதெல்லாம் இரண்டாம் செமஸ்டரில்தான் தெரியவரும்.

எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று கேட்கும் தம்பி, தங்கைகளுக்குக் கல்லூரிகளின் பட்டியல் தருவதில் பயனில்லை. ஒரு வரலாற்றைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கல்லூரியை நாம் தேர்வு செய்வது என்பது நம் சமூகத்துக்கு மிகவும் புதிய உரிமை. இந்த மண்ணில் நெடுங்காலம் கல்லூரிதான் நம்மைத் தேர்வு செய்தது, அல்லது வெளியே நிறுத்தியது. இன்று விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடித்துப் பெறும் ஒவ்வொன்றும், அதாவது இடம், விடுதி, உதவித்தொகை, புகார் கொடுக்கும் வழி, யாரோ ஒருவர் அது இல்லாமல் தவித்ததால் வந்தது. அது எப்படி வந்தது என்று தெரிந்தவர்களுக்குத்தான் கல்லூரி வாசலில் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.

மணி அடித்த பிறகு வகுப்புக்குள் நுழைந்தவர்

இரட்டைமலை சீனிவாசன் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோயம்புத்தூரில் படித்தார். 1939இல் வெளிவந்த தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் அந்த நாட்களைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருக்கிறார். அங்கே ஏறத்தாழ 400 மாணவர்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தவிர அனைவரும் பார்ப்பனர்கள். யாரிடமாவது நட்பு வைத்தால் வீடு எங்கே, குடும்பம் எது என்று கேட்பார்கள், சாதி தெரிந்துவிடும் என்ற அச்சத்தில் அவர் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே உள்ளே போவார். வகுப்பு முடிந்ததும் யாரும் எட்டிப் பிடிக்காதபடி வீட்டுக்கு விரைந்து நடப்பார்.

பின்னாளில் அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற தலைவரின் மாணவப் பருவம் இது. இடம் கிடைத்துவிட்டது, படிப்பும் வந்தது. ஆனால் உட்கார்ந்து பேச ஒரு நண்பன் இல்லை.

அம்பேத்கரின் கதையும் வேறல்ல. பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க அனுமதிக்கப்படாததால் பாரசீகம் எடுத்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்று, 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். திரும்பி வந்து 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். அப்போதும் மற்றப் பேராசிரியர்களுக்கான தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று சக ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். ஆக, கல்லூரிக்குள் நுழைவது ஒரு போராட்டம், உள்ளே மனிதராக இருப்பது இன்னொரு போராட்டம். இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு நம் பிள்ளைகளை அனுப்பக்கூடாது.

நம் மாவட்டத்தின் சகஜானந்தர்

இந்த வரலாறு பம்பாயிலும் கோவையிலும் மட்டும் நடக்கவில்லை. ஆரணி அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்த சுவாமி சகஜானந்தர், நமக்குப் பக்கத்தில் இருக்கும் திண்டிவனத்தின் மிஷன் பள்ளியில் படித்தவர். 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். நந்தனைத் தீயில் இறக்கிய கதை சொல்லப்படும் அதே ஊரில், நந்தன் பெயரிலேயே ஒரு பள்ளி. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அதே சிதம்பரத்தில் உருவானது 1929இல். அதற்கு 13 ஆண்டுகள் முன்பே ஒரு ஆதிதிராவிடத் துறவி சேரிப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் எழுப்பிவிட்டார்.

சகஜானந்தர் செய்ததில் கவனிக்க வேண்டியது விடுதி. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் கிராமங்களிலிருந்து வந்த பிள்ளைக்கு வகுப்பறை மட்டும் போதாது, படுக்க இடமும் உண்ணச் சோறும் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆண் பிள்ளைகளோடு நிற்காமல் பெண் பிள்ளைகளுக்கும் தனிப் பள்ளி வந்தது. கல்லூரி எவ்வளவு தூரம் என்று பெற்றோர் கேட்கும்போது அது கிலோமீட்டர் கணக்கு மட்டுமல்ல என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். 1978இல் விழுப்புரம் நகரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டதை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். வெளியூரில் பிள்ளை எங்கே தங்கும், யாரோடு தங்கும் என்ற அவர்களின் கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிடக்கூடாது.

பதினான்கில் இரண்டு

அடுத்தது இடம். நீதிக்கட்சி அரசு 1921இல் தொடங்கிய வகுப்புவாரி உரிமை ஆணை, அரசு வேலையிலிருந்து கல்லூரிச் சேர்க்கைக்கும் விரிந்தது. சென்னை மாகாண மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்திலும் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனர்களுக்கு 2, அன்று அரிஜனங்கள் என்று குறிக்கப்பட்ட நம் மக்களுக்கு 2, இந்தியக் கிறிஸ்தவர்கள், ஆங்கிலோ இந்தியர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரிக்கப்பட்டிருந்தது.

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1950ஆம் ஆண்டிலேயே செண்பகம் துரைராஜன் என்ற பெண்மணி, மருத்துவக் கல்லூரியில் தனக்கு இந்த ஆணையால் இடம் கிடைக்காது என்று வழக்குத் தொடுத்தார். அவர் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தமிழ்நாடு கொதித்தது. பெரியார் தெருவில் இறங்கினார். அதே ஆண்டு ஜூன் மாதம் முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. கல்வியில் இடஒதுக்கீட்டுக்கு அடிப்படையான 15(4) அப்படிப் பிறந்தது. அப்போது சட்ட அமைச்சராக இருந்தவர் அம்பேத்கர்.

இன்று தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம். அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு. பழங்குடியினருக்கு 1 சதவீதம். மீதமுள்ள 31 சதவீதப் பொதுப் போட்டி எவருடைய தனிச் சொத்தும் அல்ல. நல்ல மதிப்பெண் எடுத்த நம் பிள்ளை முதலில் பொதுப் பட்டியலில்தான் எண்ணப்பட வேண்டும். 'உன் கோட்டாவிலேயே வாங்கிக்கொள்' என்று யாராவது சொன்னால் அது சட்டமல்ல, சாதி.

காசு கட்ட வேண்டியது யார்?

இடம் இருந்தும் காசில்லாமல் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். 1942இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினரான அம்பேத்கர், பட்டியல் சாதியினரின் குறைகளை எழுதி அரசிடம் கொடுத்தார். உயர்கல்விக்கு நிதி அதில் முக்கியக் கோரிக்கை. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இல் தொடங்கியது. 1946இல் அவர் பம்பாயில் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரியில், வேலைக்குப் போகும் மாணவர்கள் படிக்க வசதியாகக் காலை வகுப்புகள் நடந்தன. மாணவனின் வாழ்க்கையைப் பார்த்து அட்டவணை போட்ட கல்லூரி அது. கல்லூரியை அளக்க அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் 1984 முதல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. 2005இல் இனாம்தார் வழக்கில், அரசு உதவி பெறாத தனியார் கல்லூரிகள்மீது அரசு இடஒதுக்கீட்டைத் திணிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பதிலாக 93ஆவது திருத்தம் வந்தது. 15(5) சேர்ந்தது. ஆனால் சிறுபான்மை நிறுவனங்களுக்கு அதில் விலக்கு உண்டு. பொறியியலில் சிறுபான்மையல்லாத சுயநிதிக் கல்லூரிகள் 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீத இடங்களையும் அரசுக் கலந்தாய்வுக்குத் தருகின்றன. மீதிதான் நிர்வாக ஒதுக்கீடு.

2012 செப்டம்பரில் வந்த அரசாணை எண் 92ஐ ஒவ்வொரு காலனியிலும் எழுதி ஒட்ட வேண்டும். சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவம் தழுவிய ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்றது அந்த ஆணை. ஏஜென்டுகளின் 'கட்டணமே இல்லை' என்ற பேச்சு அதிலிருந்து வந்ததுதான். ஆனால் ஏஜென்ட் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடையாது. கலந்தாய்வுக்கு முன்பே அவசரமாகச் சான்றிதழ் வாங்கிப் போனவர் பெரும்பாலும் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்தைத்தான் நிரப்புகிறார். கலந்தாய்வில் அதே கல்லூரியில், அதே பாடப்பிரிவில் கிடைத்திருக்கக்கூடிய இடத்தைக் கடனில் வாங்கிய கதை இப்படித்தான் நடக்கிறது.

மீண்டும் உள்ளே

2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவை இழந்தோம். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, உதவித்தொகை நிறுத்தப்பட்டிருந்த ஆராய்ச்சி மாணவர் அவர். பெயர் பெற்ற மத்தியப் பல்கலைக்கழகத்தில் நடந்தது இது. தரவரிசையில் மேலே இருக்கும் கல்லூரி நமக்குப் பாதுகாப்பான கல்லூரியாகத்தான் இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. இரட்டைமலையார் அஞ்சிய அதே வாசல் நூறாண்டுக்குப் பிறகும் சில இடங்களில் அப்படியே நிற்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அவருக்குப் புகார் கொடுக்க இடமில்லை. 2012இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த சமத்துவ விதிமுறைகள், சம வாய்ப்பு மையமும் பாகுபாட்டுக்கு எதிரான அலுவலரும் ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்றன. இருக்கிறார்களா என்று கேட்கும் பழக்கம்தான் நம்மிடம் இன்னும் வரவில்லை.

சேரும் முன் கேட்க வேண்டியவை

மேலே சொன்ன வரலாற்றிலிருந்தே இந்தக் கேள்விகள் வருகின்றன. பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

1. இந்த இடம் கலந்தாய்வு இடமா, நிர்வாக ஒதுக்கீடா? எழுத்தில் தருவார்களா? குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் உதவித்தொகை இதைப் பொறுத்துத்தான் நிற்கும்.

2. உதவித்தொகை வரும்வரை முன்பணம் கேட்பார்களா? இப்போது மத்திய அரசின் பங்கு மாணவர் வங்கிக் கணக்குக்கே வருகிறது. ஆதார் இணைந்த கணக்கும் வருமானச் சான்றிதழும் சேர்க்கைக்கு முன்பே தயாராக இருக்கட்டும்.

3. அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தருவார்களா? சரிபார்த்த பிறகு அசலை வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018இல் மானியக் குழு அறிவித்திருக்கிறது. ஏஜென்டிடம் அசலைத் தரவே தராதீர்கள்.

4. அரசுக் கல்லூரியைப் பார்த்தோமா? விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் 1960களின் இறுதியிலிருந்து இயங்குகின்றன. இரு ஊர்களிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் உண்டு. விழுப்புரத்தில் அரசு சட்டக் கல்லூரியும் இருக்கிறது. இவற்றை எல்லாம் கடந்து தனியாரிடம் போவதற்குக் காரணம் இருக்க வேண்டும்.

5. தேர்ச்சி விகிதம் என்ன? அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் விகிதத்தை வெளியிடுகிறது. பிளக்ஸை நம்பாமல் அதைப் பாருங்கள்.

6. பக்கத்தில் அரசு விடுதி இருக்கிறதா, கல்லூரிப் பேருந்து இல்லாவிட்டால் அரசுப் பேருந்து எத்தனை மணிக்கு? பெண் பிள்ளைகளின் படிப்பு பல வீடுகளில் கடைசிப் பேருந்தோடுதான் முடிகிறது.

7. நம் காலனிப் பிள்ளைகள் யாராவது அங்கே மூன்றாம் ஆண்டு படிக்கிறார்களா? அவர்களிடம் தனியாகப் பேசுங்கள். வகுப்பில் எங்கே உட்கார்கிறார்கள், உதவித்தொகைப் பட்டியலை எப்படி வாசிக்கிறார்கள், புகார் கொடுத்தால் யார் கேட்பார்கள் என்று அவர்கள் சொல்வதுதான் உண்மையான தரச்சான்று.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. தொழிற்கல்வியில் 2021 முதல் 7.5 சதவீத இடமும் உண்டு. இதை அறியாமலே சேர்ந்துவிடும் குடும்பங்கள் இருக்கின்றன.

தோழர்களே, இந்தக் கேள்விகளை எழுதிக் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. கூலிக்குப் போகும் தாய் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஏழு இடங்களில் போய் விசாரிக்க முடியாது. கல்லூரி முடித்த, படித்துக்கொண்டிருக்கும் நம் இளைஞர்கள் தேர்வு முடிவுக்கு முந்தைய மாதமே காலனியின் இரவுப் பாடசாலையிலோ அம்பேத்கர் மன்றத்திலோ ஒரு மேசை போட்டு உட்கார வேண்டும். விண்ணப்பம் நிரப்ப, சாதிச் சான்றிதழுக்கு அலைய, கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போட ஆள் வேண்டும். சகஜானந்தருக்கு ஒரு கல்விக் கழகம் தேவைப்பட்டது. நமக்கு இந்த ஆண்டு தேவைப்படுவது ஒரு மேசை, ஒரு இணைய இணைப்பு, மாலையில் இரண்டு மணி நேரம். ஏஜென்ட் காலனிக்குள் வருவதற்கு முன் நாம் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.