பருவமழையும் பஞ்சமும்: ஊவாவின் நெல் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

வெலிமடைப் பள்ளத்தாக்கின் படிவயல்கள் பருவமழையோடு பிணைந்தவை. ஐப்பசியில் தொடங்கும் மழையும் அதனைத் தொடரும் வடகீழ்ப் பருவக்காற்றும் பெரும்போகத்துக்கு நீரளிக்கின்றன. தென்மேல் பருவக்காற்றோ மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மழையைப் பொழிந்துவிட்டு, ஊவாவில் வறண்ட காற்றாகவே இறங்குகின்றது. எனவே மழை சில வாரங்கள் பிந்தினும் இங்கு நாற்று வாடும். ஆயின் மழை தவறுதல் வேறு, மக்கள் பட்டினி கிடத்தல் வேறு. இவ்வேறுபாட்டினை ஊவாவின் வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது.

1817-18 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஒடுக்கியபொழுது, பிறவுன்றிக்கின் படைகள் ஊவா, வெல்லச பகுதிகளில் வீடுகளையும் தானியத்தையும் எரித்தன, நீர்ப்பாசனத்தைச் சிதைத்தன. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், கிராமத்தவர் சேனை செய்த காடுகளைப் பெருந்தோட்டங்களின் பக்கம் திருப்பியது. மழை பொய்த்த ஆண்டுகளில் வயலுக்குத் துணைநின்றது இச்சேனையே. 1880களில், அயலிலுள்ள வலப்பனையில், நெல்வரி செலுத்தவியலாத விவசாயிகளின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. அவ்வரி 1892 இல் நீக்கப்பட்டபொழுது பலருக்கு வயலே எஞ்சியிருக்கவில்லை.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் நிகழ்ந்ததும் நோக்கற்பாலது. 1876-78 இல் சென்னை மாகாணத்தில் பருவமழை பொய்த்தது. பசிபிக் சமுத்திரம் வழமைக்கு மாறாக வெப்பமுற்ற எல் நினோ நிலையே அதற்கு முக்கிய காரணமெனப் பிற்கால ஆய்வுகள் கூறும். எனினும் இலட்சக்கணக்கானோர் மாண்டுகொண்டிருக்கையிலேயே இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாகியது. பஞ்சத்துக்குத் தப்பிய உழவர் பலர் கங்காணிமார்வழி இலங்கைத் தோட்டங்களை அடைந்தனர். நெல் விளைவித்த கைகள் கோப்பிச் செடிக்கும் பின்னர் தேயிலைக்கும் உரியனவாயின. அவர்கள் உண்ட அரிசியோ கப்பலில் வந்தது; அதன் விலை கூலியிற் கழிக்கப்பட்டது. வயலிழந்த சிங்கள விவசாயியும் வயலைப் பிரிந்த தமிழ்த் தொழிலாளியும் ஒரே பொருளாதார அமைப்பின் இரு விளைவுகள். இனவாத வரலாறு இவ்வுறவினை மறைத்தே வந்துள்ளது.

அன்று மழை தவறியது இயற்கையின் செயல். பஞ்சம் சமூகத்தின் செயல். இன்றோ அவ்வெல்லையே மங்கிவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வளர்ந்த முதலாளித்துவ உற்பத்தி வளிமண்டலத்தையே வெப்பமாக்கியுள்ளது. வெப்பமான காற்று அதிக ஈரத்தைத் தாங்குவதால் மழை பெய்யும்பொழுது கடுமையாகப் பெய்கின்றது. வரட்சிக் காலத்தில் மண் விரைந்து உலர்கின்றது. 2016-17 வரட்சியில் இலங்கையின் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது.

இருப்பினும் சுமை யார்மீது விழுகின்றது என்பதை இன்றும் வானிலை தீர்மானிப்பதில்லை. வெலிமடைக்கு அண்மையிலுள்ள புகுல்பொலையில் உமா ஓயாவை மறித்து, அதன் நீரைச் சுரங்கவழியாகத் தெற்கே திருப்பும் திட்டம் 2024 இல் தொடக்கிவைக்கப்பட்டது. சுரங்கம் தோண்டப்பட்ட காலத்தில் பண்டாரவளைப் பகுதிக் கிணறுகள் பல வற்றின. மின்னும் பாசனமும் வேண்டியனவே. ஆயின் எவரது நீர் எவருக்காக என்பது அரசியல் வினா.

காலநிலையை மட்டும் குற்றஞ்சாட்டுதல் 1877 இல் ஆட்சியாளர் கூறிய சமாதானத்தை மீளக் கூறுவதாகும். மழையின் வரலாற்றை நில உடைமையின் வரலாற்றோடு இணைத்துப் படிக்கும்பொழுதே, வயலில் நிற்பவனும் மலையில் கொழுந்தெடுப்பவளும் தம் பொதுநலனை இனங்காண இயலும்.