கடல் கடந்தவரின் மருத்துவச் செலவு: தென்னாற்காட்டிலிருந்து வளைகுடா வரை

வெளிநாடு செல்பவருக்குக் குறைந்த செலவில் மருத்துவக் காப்பு தருவதற்கான ஏற்பாடுகள் தமிழ்நாட்டில் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டன. இந்த வரலாற்றில் பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்கு முக்கிய இடம் உண்டு. அதன் ஒரு பகுதியான இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்டது. விழுப்புரம் 1993 வரை தென்னாற்காட்டின் பகுதியாக இருந்தது. உளுந்தூர்பேட்டை, களமருதூர், திருக்கோவிலூர், சங்கராபுரம் ஆகிய ஊர்கள் அந்தப் பழைய மாவட்டத்தைச் சேர்ந்தவை. மழையை நம்பிய மானாவாரி நிலம், அடிக்கடி வந்த பஞ்சம், சென்னை, புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களின் அருகாமை ஆகியவற்றால் தோட்டக்கூலிக்கு ஆள் திரட்டியவர்களுக்குத் தென்னாற்காடு முக்கியமான களமாயிற்று. ஊரைவிட்டுப் போனவர் போன இடத்தில் நோயுற்றால் அந்தச் செலவு யார் தலையில் விழும் என்ற கேள்வி அன்றே எழுந்தது. அதற்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கிடைத்தன.

ஒப்பந்தக் கூலிக் காலம்

மொரீசியசுக் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியக் கூலிகளை ஒப்பந்தத்தில் அனுப்பும் முறை 1834இல் தொடங்கியது. முறைகேடுகள் வெளிவந்ததால் 1839இல் அது தடை செய்யப்பட்டது. 1842இல் அரசுக் கண்காணிப்புடன் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்தக் கண்காணிப்பின் பகுதியாகவே மருத்துவ விதிகள் வந்தன. கப்பலேறுமுன் ஆட்களைத் தங்கவைத்த சென்னை டிப்போவில் ஒவ்வொருவரையும் மருத்துவர் சோதித்தார், அம்மை குத்தப்பட்டது. கப்பலில் மருத்துவர் ஒருவர் உடன் செல்ல வேண்டியிருந்தது. நெடும்பயணக் கப்பல்களில் அவருக்கு உயிரோடு கரையிறங்கிய ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஊதியம் கணக்கிடும் வழக்கமும் இருந்தது.

சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேருடன் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உள்ள டர்பனை அடைந்தது. அது முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற இந்தியர் 1,52,184 பேர்; அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தவர். புதுச்சேரி, காரைக்கால் வழியாக ரியூனியன், மார்த்தினிக், குவாதலூப் ஆகிய பிரெஞ்சுத் தீவுகளுக்கும் ஆட்கள் போயினர். ஃபிஜிக்கு முதற்கப்பல் 1879இல் கல்கத்தாவிலிருந்து சென்றது. சென்னையிலிருந்து 1903இல் தொடங்கியது.

ஒப்பந்தப் பத்திரத்தில் கூலி, குடியிருப்பு, உணவுப்படி ஆகியவற்றோடு மருத்துவமும் எழுதப்பட்டிருந்தது. ஃபிஜிக்கான பத்திரப்படி மருத்துவமனை, மருத்துவர், மருந்து, நோயாளிக்கு உணவு ஆகிய அனைத்தும் தொழிலாளிக்கும் அவர் பிள்ளைகளுக்கும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். தொழிலாளி காசு கட்டவில்லை. ஆனால் ஐந்தாண்டு காலம் முதலாளியை மாற்றவோ வேலையை விடவோ முடியாமல் கட்டுண்டிருந்தார். நோயில் படுத்த நாளுக்குப் பல இடங்களில் கூலி இல்லை. வேலைக்கு வராத நாட்களை ஒப்பந்தக் காலத்தோடு சேர்த்து நீட்டுவதும் நடந்தது. பத்திரத்தில் இருந்ததைத் தோட்டத்தில் பெற்றுத்தர ஓர் அதிகாரி தேவைப்பட்டார். நேட்டாலில் தொழிலாளர் குறைகளை விசாரித்த ஆணையத்தைத் தொடர்ந்து 1872இல் இந்தியக் குடியேறிகளுக்கான பாதுகாவலர் நியமிக்கப்பட்டார். நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது 1911இல் நின்றது. 1917இல் ஒப்பந்த முறையே நிறுத்தப்பட்டது. ஃபிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி 1 அன்று ரத்தாயின.

இலங்கையும் மலாயாவும்

இலங்கைக்குப் போனவர்கள் ஒப்பந்தக் கூலிச் சட்டத்துக்குள் வரவில்லை. ஆள் திரட்டி மேற்பார்த்த கங்காணியின் பொறுப்பில், அவர் கொடுத்த முன்பணக் கடனோடு அவர்கள் சென்றனர். காப்பித் தோட்டங்கள் பெருகிய 1840களில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியில் நடந்தவர்களில் பலர் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியாயினர். வழியில் விழுந்தவருக்கு வைத்தியம் பார்க்கும் கடமை அன்று யாருக்கும் இல்லை.

அந்தக் கடமையைச் சட்டமாக்கியது 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம். தோட்டப் பகுதிகள் மருத்துவ வட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. அவற்றுக்கு மருத்துவ அதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். இதற்கான பணம் முதலில் பயிரிட்ட நிலத்தின் மீதான வரியாகவும், பின்னர் ஏற்றுமதிப் பொருள்களின் மீதான தீர்வையாகவும் தோட்டக்காரர்களிடமிருந்து திரட்டப்பட்டது. எல்லாத் தோட்டங்களும் ஒரே நிதிக்குப் பணம் செலுத்த, எந்தத் தோட்டத்தில் நோய் வந்தாலும் அதிலிருந்து செலவிடும் இந்த முறையில் காப்பீட்டின் அடிப்படைக் கொள்கை இருந்தது. 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் போக்குவரத்து தொடங்கியபின், மண்டபம் முகாமில் தொழிலாளர்களைச் சில நாட்கள் நிறுத்திச் சோதித்து, அம்மை குத்தி அனுப்பும் முறை நிலைபெற்றது. தூத்துக்குடி வழியே போனவர்களுக்குத் தட்டப்பாறை முகாம் இருந்தது.

மலாயாவில் 1907இல் தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் வந்தது. வேலைக்கு வைத்த தொழிலாளர் கணக்கில் முதலாளிகள் தீர்வை செலுத்தினர். கப்பல் கட்டணம் அந்த நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது; உழைக்க முடியாமற்போனவரை ஆதரிக்கவும் ஊருக்குத் திருப்பி அனுப்பவும் அது பயன்பட்டது. ரப்பர்த் தோட்டங்களில் ஆஸ்பத்திரி வைக்கத் தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்தியது. அங்கே பெரிய கொலையாளி மலேரியா. கிள்ளான் பகுதியில் மருத்துவர் மால்கம் வாட்சன் 1901 முதல் நீர்தேங்கிய இடங்களை வடித்துக் கொசுவைக் குறைத்தபோது நோயும் சாவும் குறைந்தன.

1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம், பயிற்சி பெறாத தொழிலாளரை உதவியளித்து வெளிநாட்டுக்கு அனுப்புவதை அரசு அறிவித்த நாடுகளுக்கு மட்டும் அனுமதித்தது. 1938இல் மலாயாவுக்கு அவ்வாறு அனுப்புவது தடை செய்யப்பட்டது. அதன்பின் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ரஜூலா போன்ற கப்பல்களில் ஏறியவர்கள் சொந்தச் செலவில் போனவர்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி தோட்டத்தில் வேலை செய்தவருக்கே உதவியது. கடை, உணவகம், சில்லறை வணிகம் என்று போனவருக்கு உறவினரும் ஊர்க்காரரும்தான் துணை.

மெடிக்ளெய்ம் வருகை

பயணத்துக்கென்று காப்பீடு விற்பது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தொடங்கியது. லண்டனில் 1849இல் உருவான ரயில் பயணிகள் காப்பீட்டு நிறுவனம் ரயில் விபத்துக்கு ஈடு கொடுத்தது. இந்தியாவில் பொதுக் காப்பீடு 1973 ஜனவரி 1 முதல் நாட்டுடைமையானது. நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் நியூ இந்தியா, நேஷனல், ஓரியண்டல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா என நான்காக ஒருங்கிணைக்கப்பட்டன.

இந்த நான்கு நிறுவனங்களும் 1984 முதல், வெளிநாட்டில் ஆகும் மருத்துவச் செலவுக்கான ஓவர்சீஸ் மெடிக்ளெய்ம் பாலிசியை வழங்கின. உள்நாட்டு மெடிக்ளெய்ம் 1986இல்தான் வந்தது. அன்று பயணிக்கு அந்நியச் செலாவணி அளவாகவே கிடைத்தது. ரூபாயில் வசதியுள்ளவர்கூட வெளிநாட்டு மருத்துவமனைக்கு டாலரில் கட்ட முடியாத நிலை. அந்தச் சிக்கலுக்கு இப்பாலிசி வழி செய்தது. அமெரிக்கா, கனடா இரண்டும் சேர்ந்தால் ஒரு பிரீமியம், அவை நீங்கலான நாடுகளுக்குக் குறைந்த பிரீமியம் என்ற பிரிவு அப்போதே ஏற்பட்டது. அவ்விரு நாடுகளின் மருத்துவக் கட்டணம் மிக உயர்ந்திருந்ததே காரணம். வயதும் தங்கும் நாட்களும் கூடக் கூடப் பிரீமியமும் கூடியது. புறப்படுமுன் இருந்த நோய்க்குக் காப்பு இல்லை. வணிகம், சுற்றுலா, மேற்படிப்பு ஆகியவற்றுக்காகச் சென்றவர்களே இதை வாங்கினர்.

1999ஆம் ஆண்டின் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையச் சட்டத்துக்குப் பின் தனியார் நிறுவனங்களும் இத்துறைக்குள் வந்தன; போட்டியால் பாலிசி வகைகள் பெருகின. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் 2004 ஜூன் 1 முதல் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்கின. அதுவரை விருப்பப்பட்டவர் வாங்கிய பாலிசி, அந்நாடுகளுக்கு விசா கேட்பவர் காட்ட வேண்டிய தாள்களில் ஒன்றாகிவிட்டது.

வளைகுடாவும் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவும்

1973இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடா நாடுகளில் கட்டுமான வேலை பெருகியது. உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி வட்டாரங்களிலிருந்தும் கொத்தனார், ஓட்டுநர், கம்பி கட்டுபவர், வீட்டுப்பணியாளர் என்று ஆட்கள் போகத் தொடங்கினர். தமிழக அரசு 1978இல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை அமைத்தது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டமும் அதன் விதிகளும், வேலை ஒப்பந்தத்தில் மருத்துவ வசதியும், இறந்தால் உடலைக் கொண்டுவரும் பொறுப்பும் எழுதப்பட வேண்டும் என்றன. குடிபெயர்வுப் பாதுகாவலர் அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டு உடையவர்கள், அதாவது பெரும்பாலும் பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள், இச்சட்டத்தின் நேரடிப் பாதுகாப்பில் வந்தனர்.

அவர்களுக்கென மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான பிரவாசி பாரதிய பீமா யோஜனா 2003 டிசம்பர் 25 அன்று தொடங்கப்பட்டது. பாலிசி இல்லாமல் குடிபெயர்வு அனுமதி இல்லை என்று ஆனதால், இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குள் ஒருநாளும் நுழையாதவருக்கும் காப்பீடு கிடைத்தது. ஆண்டுதோறும் பல லட்சம் பேரைச் சேர்த்துக் கணக்கிட்டதால் பிரீமியமும் குறைந்தது. தொடக்கத்தில் விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் குறைந்தது 2 லட்சம் ரூபாயாக இருந்த ஈடு, 2006இல் 5 லட்சமாகவும் 2008இல் 10 லட்சமாகவும் உயர்ந்தது.

2017 ஆகஸ்ட் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தப்படி பிரீமியம் இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. மருத்துவச் செலவுக்கான வரம்பு 75,000 ரூபாயிலிருந்து 1 லட்சமாயிற்று. ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் 50,000 வரை கிடைக்கும். தொழிலாளி இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ ஊரில் உள்ள குடும்பத்தாரின் மருத்துவமனைச் செலவுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாயும், வேலை தொடர்பான வழக்குச் செலவுக்கு 45,000 ரூபாயும் உண்டு. வேலையிடம் மாறினாலும் முதலாளி மாறினாலும் விபத்துக் காப்பு தொடரும். பாலிசியை இணையத்திலேயே புதுப்பிக்கலாம்.

இத்திட்டத்தின் பெரிய குறை, 10 லட்சம் ரூபாய் விபத்துக்கு மட்டும் உரியது என்பது. வெயிலில் உழைத்து மாரடைப்பில் இறந்தவரின் குடும்பத்துக்கு அந்தத் தொகை வராது. வளைகுடா மருத்துவமனைக் கட்டணத்துக்கு 1 லட்சம் ரூபாய் மிகச் சிறிய தொகை. அனுமதி தேவைப்படாத கடவுச்சீட்டு வைத்திருப்பவரையும், சுற்றுலா விசாவில் போய் வேலைக்குச் சேர்பவரையும் இந்தக் கட்டாயம் எட்டுவதில்லை. பிரீமியத்தைத் தொழிலாளியே கட்டுகிறார். பிலிப்பைன்சில் 2010ஆம் ஆண்டின் சட்டம் ஆள் எடுக்கும் முகவரையே, தொழிலாளிக்குச் செலவில்லாமல், காப்பீடு எடுக்க வைத்தது.

வேலை தரும் நாடுகளின் சட்டங்கள்

உண்மையான மருத்துவச் செலவைத் தாங்கும் காப்பீடு, வேலை தரும் நாடுகளின் சட்டங்களால் வந்தது. சவூதி அரேபியா 1999இல் கூட்டுறவு மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் இயற்றியது. அபுதாபி 2005ஆம் ஆண்டின் சட்டத்தாலும் துபாய் 2013ஆம் ஆண்டின் சட்டத்தாலும் முதலாளியே தொழிலாளிக்குக் காப்பீடு எடுக்க வேண்டும் என்றன. ஐக்கிய அரபு அமீரகத்தின் மற்ற பகுதிகளிலும் 2025 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். அடிப்படைத் திட்டத்துக்கு ஆண்டுக்கு 320 திர்ஹாம்.

சிங்கப்பூர் 2008இல் பணி அனுமதியில் வரும் தொழிலாளருக்கு முதலாளி மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும் என்றது; 2010 முதல் அதன் குறைந்த அளவு ஆண்டுக்கு 15,000 சிங்கப்பூர் வெள்ளி. அந்த அளவைத் தாண்டிய மருத்துவக் கட்டணங்கள் பெருகியதால் 2023 ஜூலை 1 முதல் அது 60,000 ஆயிற்று. மலேசியாவில் 2011இல் வந்த திட்டம் ஆண்டுக்கு 120 ரிங்கிட் பிரீமியத்தில் 10,000 ரிங்கிட் காப்பு அளித்தது. 2019 முதல் வேலையிட விபத்துக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டமும் அங்குள்ள வெளிநாட்டுத் தொழிலாளரைச் சேர்த்துக்கொண்டது.

இன்றைய நிலை

காப்பீடு இல்லாதவர் அல்லது அதன் வரம்பைத் தாண்டியவர் நாட வேண்டிய இடம் இந்தியத் தூதரகம். 2009இல் அமைக்கப்பட்ட இந்தியச் சமூக நல நிதியிலிருந்து அவசர மருத்துவத்துக்கும், இறந்தவர் உடலை அனுப்பவும் தூதரகம் உதவ முடியும். தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டின் சட்டத்தின் வழி அமைந்த வெளிநாடுவாழ் தமிழர் நல வாரியம், 18 முதல் 55 வயதுக்குட்பட்ட உறுப்பினருக்கு 5 லட்சம், 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடுகளையும் தீவிர நோய்க்கான உதவியையும் 2024 முதல் வழங்குகிறது.

ஆக, களமருதூரிலிருந்து துபாய்க்கு முறையான விசாவில், குடிபெயர்வு அனுமதி பெற்றுப் போகும் தொழிலாளிக்கு முதலாளியின் காப்பீடு, மத்திய அரசின் காப்பீடு, மாநில வாரியத்தின் காப்பீடு ஆகிய மூன்றும் கிடைக்க வழியுண்டு. மூன்றையும் சேர்த்தாலும் அவர் கைச்செலவு சிறிதளவே ஆகும். மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்கா போகும் முதிய பெற்றோருக்கு இவற்றில் எதுவும் இல்லை. வயதுக்கேற்ற பிரீமியத்தைச் சொந்தமாகக் கட்டிப் பயணக் காப்பீடு எடுக்க வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயநோய் போன்ற பழைய நோய்களுக்கான நிபந்தனைகளை அவர்கள் வாங்குமுன் படித்துப் பார்ப்பது அவசியம். தோட்டக்காரர் தீர்வை முதல் அமீரகச் சட்டம் வரை, சட்டம் செலவை முதலாளி மீது சுமத்திய இடங்களிலும் பலரைக் கட்டாயமாக ஒரே நிதியில் சேர்த்த இடங்களிலும்தான் கூலித் தொழிலாளிக்கு எட்டும் விலையில் மருத்துவக் காப்பு கிடைத்திருக்கிறது.