நான்கு கண்டங்கள் ஃபிகர் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்

ஐரோப்பா நீங்கலாக மற்ற கண்டங்களின் வீரர்களுக்காகச் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் பனித்தளப் போட்டி இது. ஐரோப்பியர்களுக்கான சாம்பியன்ஷிப் 1891இலேயே தொடங்கிவிட்டது. ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா, ஓசியானியா நாடுகளுக்கு அப்படியொரு மேடை கிடைக்க நூறாண்டுக்கு மேல் ஆனது. முதல் போட்டி 1999இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் நடந்தது. ஆண்கள், பெண்கள், இணை, ஐஸ் டான்ஸ் என நான்கு பிரிவுகள்.

தொடக்கத்திலேயே இப்போட்டி ஸ்கேட்டிங்கில் சிறிய நாடுகளுக்கும் தன் பயனைக் காட்டிவிட்டது. முதல் ஆண்டின் பெண்கள் பட்டத்தை வென்றவர் உஸ்பெகிஸ்தானின் தத்தியானா மாலினினா. 2015இல் சியோலில் ஆண்கள் பட்டம் கஜகஸ்தானின் டெனிஸ் தென் கைக்குப் போனது. ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆண்டில் அதே அரங்கில் ஒத்திகையாக நடப்பதும் உண்டு: தென் கொரியாவின் கிம் யூனா 2009இல் வான்கூவரில் வென்றார், மறு ஆண்டு அங்கேயே ஒலிம்பிக் தங்கமும் அவருக்கே.

சிறிய நாடுகளுக்கு இதன் அருமை நுழைவு விதியில் இருக்கிறது. உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு நாட்டுக்கு எத்தனை இடம் என்பதை முந்தைய ஆண்டின் தரவரிசை தீர்மானிக்கும். இங்கே ஒவ்வொரு நாடும் பிரிவுக்கு மூவர் வரை அனுப்பலாம். அவர்கள் குறைந்தபட்சத் தொழில்நுட்பப் புள்ளிகளை முன்பே எடுத்திருந்தால் போதும். தனிநபர் பிரிவுகளின் முதல் சுற்றான குறும்பகுதியில், சுமார் 2 நிமிடம் 40 விநாடியில், தாவல், சுழற்சி, காலடி வரிசை என ஏழு கூறுகளையும் பிசகாமல் செய்து அந்தப் புள்ளிகளைத் தேட வேண்டும்.

இந்த வாசல் வழியாகத்தான் இந்தியாவும் வந்தது. அமெரிக்காவில் வளர்ந்த அமி பாரேக் 2000களில் இந்தியாவுக்காக ஆடினார். தமிழ்க் குடும்பத்தில் அமெரிக்காவில் பிறந்த தாரா பிரசாத், 2022இல் எஸ்தோனியாவின் தாலினில் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். கொரோனா காரணமாகச் சீனாவின் தியான்ஜினிலிருந்து அங்கே மாற்றப்பட்ட போட்டி அது. ஐரோப்பிய மண்ணில் இது நடந்தது அதுவே முதல் முறை. 2025 ஹார்பின் ஆசியக் குளிர்கால விளையாட்டில் தாரா எட்டாம் இடம் பெற்றார்.

இருவரும் வெளிநாட்டில் பழகியவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். போட்டிக்கு வழக்கமாக வேண்டியது 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட பனித்தளம். சிம்லாவின் இயற்கைப் பனித்தளம் குளிர்காலத்தில் மட்டுமே உறையும். 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக டேராடூனில் கட்டிய உள்ளரங்கம் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, அண்மையில்தான் மீண்டும் திறந்தது. திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ ஆர்வமுள்ள ஒரு பிள்ளை சக்கர ஸ்கேட்டிங்கில்தான் தொடங்க முடியும். அதற்கு மேல் போக, முழு அளவுத் தளமும் நாள்தோறும் அதில் பழக நேரமும் வேண்டும். அவை இரண்டும் தென்னிந்தியாவில் இன்னும் அமையவில்லை.