ராத்திரியோட ராத்திரியா காணாமப் போன ஆர்வெல்

போன வாரம் ஊர்லேர்ந்து கூட்டாளி ஒருத்தன் ஃபோன் பண்ணினான். "டேய், நல்ல ஈ-புக் ரீடர் ஒண்ணு சொல்லு. புக்கெல்லாம் எங்கிட்டயே இருக்கு, ஐநூறு அறுநூறு தேறும். ஒரே கண்டிஷன், நான் என்ன படிக்கிறேன்னு எந்தக் கம்பெனிக்கும் தெரியக்கூடாது." பொட்டி தட்டுறவனுக்கு இதெல்லாம் அத்துப்படின்னு சனங்களுக்கு ஒரு நம்பிக்கை :-) மாடல் பேரைச் சொல்லிட்டு வெச்சிருக்கலாம். ஆனா அந்தக் கண்டிஷனுக்குப் பின்னாடி இருபது வருஷக் கதை இருக்கு.

2004-ல ஜப்பான்ல சோனி 'லிப்ரியே'ன்னு ஒண்ணை இறக்கிச்சு. மின்தாள் திரையோட கடைக்கு வந்த முதல் ரீடர் அதுதான். திரை அருமை. ஆனா காசு கொடுத்து இறக்குற புத்தகம் 60 நாள்ல தானா மூடிக்கும். வாடகை சைக்கிள் மாதிரி! பொட்டி எடுபடல.

அடுத்து 2007 நவம்பர், அமேசானோட கிண்டில். 399 டாலர். இதுல புதுசு என்னன்னா, உள்ளேயே செல்ஃபோன் ரேடியோ. கம்ப்யூட்டர் வேணாம், கேபிள் வேணாம், படுத்த இடத்துலேர்ந்து வாங்கினா ஒரு நிமிஷத்துல புத்தகம் காத்துலயே வந்துடும். எல்லாரும் ஆஹான்னாங்க. வந்த வழியிலயே திரும்பிப் போகவும் முடியும்கிறதை அப்ப பெருசா யாரும் யோசிக்கல.

2009 ஜூலைல அது நடந்தது. அமெரிக்காவுல சிலபேர் கிண்டிலைத் திறந்தா, காசு கொடுத்து வாங்கின புத்தகம் காணோம். 99 சென்ட் கணக்குல திரும்பி வந்திருந்தது. காணாமப் போனது எதுன்னு நினைக்கிறீங்க? ஜார்ஜ் ஆர்வெல்லோட '1984', 'விலங்குப் பண்ணை'. (கதை எழுதுறவன் இப்படி எழுதினா, ரொம்ப ஓவர்னு சொல்லுவோம்.) காரணம் சாதாரணம்தான். அமெரிக்காவுல உரிமை இல்லாத ஒரு பதிப்பாளர் அந்தப் பிரதிகளைக் கடையில ஏத்திட்டார். கடைக்காரர் தன் அலமாரியிலேர்ந்து எடுத்திருந்தா நியாயம். வாங்கினவன் வீட்டுக்குள்ள வந்து எடுத்துட்டுப் போனதுதான் பிரச்சினை. மிச்சிகன்ல ஒரு பள்ளி மாணவன் லீவு வீட்டுப்பாடத்துக்கு '1984'-ல குறிப்பு எழுதி வெச்சிருந்தான். குறிப்பு மிச்சம், புத்தகம் இல்ல. எந்த வரிக்கு எந்தக் குறிப்பு? வழக்குப் போட்டான். ஜெஃப் பெசோஸே மன்னிப்புக் கேட்டார். 1,50,000 டாலர்ல சமாதானம் ஆச்சு.

நமக்கு வேண்டிய விஷயம் இதுக்குள்ளதான் இருக்கு. அழிக்கிற அந்தப் பாதையிலதான் நீங்க எந்தப் பக்கத்துல நிக்கிறீங்க, எதை அடிக்கோடு போட்டீங்கங்கிற தகவலும் போகும். 2010-ல, இந்த வரியை இத்தனை பேர் அடிக்கோடு போட்டிருக்காங்கன்னு அமேசானே காட்ட ஆரம்பிச்சது. எண்ணுறதுக்கு அவங்க கையில இருந்தாத்தானே?

அமேசான் மட்டும்னு நினைக்காதீங்க. 2014 அக்டோபர்ல அடோபியோட டிஜிட்டல் எடிஷன்ஸ் 4, எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்னு எல்லாத்தையும் பூட்டாம கொள்ளாம, போஸ்ட் கார்டு மாதிரி சர்வருக்கு அனுப்புறது வெளியே வந்துச்சு. அப்டேட் வந்தது. அதுல அனுப்புறதை நிறுத்தல, உறையில போட்டு அனுப்பினாங்க :-)

இதுக்கு நேர் எதிர்த் திசையில ஒரு கதை. 2006-ல சோனியோட பிஆர்எஸ்-500 ரீடர் வந்தப்போ, அதோட மென்பொருள் லினக்ஸ்ல ஓடாது. கொவித் கோயல்னு நம்ம நாட்டு ஆள், அமெரிக்காவுல ஆராய்ச்சி மாணவர். யூஎஸ்பி கேபிள்ல என்ன பேசிக்குதுன்னு நோண்டிப் பார்த்துத் தானே ஒரு புரோகிராம் எழுதினார். அதுதான் 2008-ல 'காலிபர்' ஆச்சு. புத்தகம் உங்க ஹார்ட் டிஸ்க்ல, பட்டியல் உங்க கம்ப்யூட்டர்ல. நடுவுல யாரும் கிடையாது.

அதனால கூட்டாளிகிட்ட சொன்னது இவ்வளவுதான். வைஃபையை ஒருதடவை கூடப் போடாம, கேபிள்ல ஈபப் ஏத்திப் படிக்க முடியுதா பாரு. பாக்கெட்புக்ல அக்கவுண்ட் இல்லாமலே ஆரம்பிக்கலாம். கோபோ ஆரம்பத்துல அக்கவுண்ட் கேக்கும், அப்புறம் கேபிள் போதும். ரெண்டுலயும் 'கேஓரீடர்'ங்கிற இலவச மென்பொருள் ஓடும். கிண்டில்லயும் சொந்த ஃபைலை கேபிள்ல ஏத்தலாம், ஆனா கடையில வாங்கினதைக் கம்ப்யூட்டருக்கு இறக்கி வெச்சுக்கிற வசதியை 2025 பிப்ரவரி 26-ஓட எடுத்துட்டாங்க. கடையில வாங்காத ஆளுக்கு அது பாதிப்பில்ல, ஆனாலும் எனக்கு மனசு ஒப்பல.

பாக்கெட்புக் வாங்கிட்டான். மதுரைத் திட்டத்துலேர்ந்து இறக்கினதெல்லாம் ஏத்தி முடிச்சுட்டு, "'1984' போடலாமாடா, சட்டப்படி தப்பில்லையே?"ன்னு கேட்டான். ஆர்வெல் இறந்தது 1950 ஜனவரி. இந்தியாவுல ஆசிரியர் இறந்து 60 வருஷம்தான் பதிப்புரிமை, ஆக 2011-லேர்ந்து இங்க அது பொதுச்சொத்து. தாராளமா போட்டுக்கோன்னேன்.