திருவனந்தபுரமும் மென்பொருள் விடுதலையும்

வரலாறு என்றவுடன் முடியுடை வேந்தரும் அவர்தம் படையெடுப்புகளுமே பலர் நினைவில் எழுவர். ஆயின் ஊர்களின் பெருமை அரண்மனைகளால் மட்டும் அமைவதன்று. ஓர் ஊரில் வேரூன்றிய எண்ணம் ஒரு தலைமுறையின் கல்வியையே மாற்றுமாயின் அதுவும் அவ்வூரின் வரலாறேயாகும். பிழைப்பும் கல்வியும் நாடி வந்து நாம் வாழ்ந்து வரும் இத் திருவனந்தபுரத்திற்கு அத்தகைய வரலாறு ஒன்று உண்டு. மனோன்மணீயம் ஈந்த பேராசிரியர் சுந்தரம் பிள்ளை வாழ்ந்த நகரம் இது. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், தும்பாக் கடற்கரையிலிருந்து நம் நாட்டு மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட்டை விண்ணிற்கு அனுப்பிய நகரமும் இதுவே. இந்நகரம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மென்பொருள் விடுதலை இயக்கத்திற்கு இந்தியாவில் ஒரு நிலைக்களனாயிற்று. அவ்வரலாற்றையும், அதில் தமிழராகிய நமக்குள்ள பங்கையும் ஈண்டு ஆராய்வோம்.

கணினி ஒரு கருவி. அதனை இயக்கும் கட்டளைகளின் தொகுதியே மென்பொருள். அக்கட்டளைகளை மனிதர் முதலில் தாம் படித்தறியத்தக்க வடிவில் எழுதுகின்றனர். இதனை மூலநிரல் என்பர். பின்னர் அது கணினி மட்டுமே உணரும் வடிவிற்கு மாற்றப்பெறும். இரண்டாம் வடிவை மட்டும் விற்று, மூலத்தைப் பூட்டி வைப்பதே வணிக நிறுவனங்கள் பலவற்றின் வழக்கமாயிற்று. 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்து ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார், அங்கிருந்த அச்சுப்பொறி ஒன்றின் குறையைக் களைய விரும்பி அதன் மூலநிரலை வேண்டினார், அது மறுக்கப்பெற்றது. பொறி தம் கூடத்தில் நிற்க, அதனைச் செப்பனிடும் உரிமை பிறரிடம் இருந்த அந்நிலை அவரை ஆழச் சிந்திக்க வைத்தது. 1983ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் 'குனு' என்னும் திட்டத்தை அவர் அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். 1989இல் பொது உரிமம் ஒன்றை வகுத்தார். பின்லாந்து நாட்டு மாணவராகிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் என்னும் உட்கரு, அடுத்த ஆண்டே அவ்வுரிமத்தின்கீழ் வந்து குனுவுடன் இணைந்தது.

அவ்வியக்கம் வேண்டுவன நான்கு உரிமைகள். எந்நோக்கத்திற்கும் மென்பொருளை இயக்கும் உரிமை முதலாவது. அதன் மூலத்தைப் பயின்று நம் தேவைக்கேற்ப மாற்றும் உரிமை இரண்டாவது. படியெடுத்துப் பிறர்க்கு வழங்கும் உரிமை மூன்றாவது. திருத்திய வடிவையும் பிறர்க்கு அளிக்கும் உரிமை நான்காவது. இந்நான்கினுள் விலையைப் பற்றிய பேச்சே இல்லை என்பதை நேயர்கள் நோக்குதல் வேண்டும். ஆங்கிலத்தில் விலையின்மையையும் விடுதலையையும் ஒரே சொல் குறிப்பதால் மேலைநாட்டார் இப்பொருளை விளக்கப் பெரிதும் இடர்ப்படுகின்றனர். நமக்கு அவ்விடர் இல்லை. இலவசம் வேறு, விடுதலை வேறு என்பதைத் தெருவில் செல்லும் சிறுவனும் அறிவான். மலையாளத்தார் இதனை 'சுவதந்திர' மென்பொருள் என்றனர். தமிழர் 'கட்டற்ற' மென்பொருள் என்றனர். மொழி தெளிவாக இருப்பின் எண்ணமும் தெளிவாகும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

2001ஆம் ஆண்டு சூலை 20ஆம் நாள் ஸ்டால்மன் திருவனந்தபுரத்திற்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். அதே காலத்தில் கேரள அரசு, விண்வெளி அறிஞர் யு. ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, பள்ளிகளில் கணினிக் கல்வியைப் புகுத்த 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்னும் திட்டத்தை வகுத்தது. தொடக்கத்தில் பாடநூல்கள் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் தளத்தையே சார்ந்திருந்தன. ஈண்டுதான் வாதம் மூண்டது. கேரளப் பள்ளி ஆசிரியர் சங்கத்தாரும், கட்டற்ற மென்பொருள் ஆர்வலரும் இதனை எதிர்த்தனர்.

இரு சாராரின் கூற்றுகளையும் நடுநிலையில் நின்று நோக்குவோம். உலகம் முழுதும் அலுவலகங்களில் எது வழங்குகிறதோ அதனைக் கற்பிப்பதே மாணவர்க்கு நலம் என்றனர் ஒரு சாரார். வேலை தேடும் இளைஞனுக்கு வாதம் சோறு போடாது என்பது அவர்தம் உட்கிடை. புதிய தளத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியர் எங்கே, பழுது பார்ப்போர் எங்கே என்றும் அவர்கள் கேட்டனர். இவை தள்ளத்தக்க கேள்விகள் அல்ல. மாறுநாட்டில் வந்து உழைத்து உண்ணும் நாம், பிள்ளைகளின் வேலைவாய்ப்பைச் சிறுமையாகக் கருத இயலுமோ?

மறு சாராரின் விடையும் வலியதே. பொதுமக்கள் வரிப்பணத்தில் ஒரு நிறுவனத்தின் பொருளை மட்டும் பாடமாக்குவது, அந்நிறுவனத்திற்கு வருங்கால வாடிக்கையாளரை அரசே வளர்த்துக் கொடுப்பதாகும். பாடநூலில் உள்ள பொத்தான்களின் இருப்பிடம் சில ஆண்டுகளில் மாறிவிடும். கணினி இயங்கும் முறையோ மாறாது. முன்னதைக் கற்பிப்பது பழக்கம், பின்னதைக் கற்பிப்பதே கல்வி. மேலும், தோழனுக்குப் பகிர்ந்து கொடு என்று கற்பிக்கும் பள்ளியிலேயே, படியெடுத்துக் கொடுப்பது குற்றமென்று கூறும் பொருளைப் பாடமாக வைப்பது எங்ஙனம் பொருந்தும்?

இவ்வாதத்தில் நம் தமிழ்மகனார் ஒருவரின் குரலும் ஒலித்தது. தும்பாவில் தம் இளமைப் பருவத்தை ஆராய்ச்சிக்கு ஈந்த அப்துல் கலாம் அவர்கள், குடியரசுத் தலைவராக விளங்கிய 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் புனே நகரில் ஆற்றிய உரையில், திறந்த மூலநிரல் கொண்ட மென்பொருளே நூறு கோடி மக்கள் வாழும் இந்நாட்டிற்குப் பெரும்பயன் தருமென வலியுறுத்தினார். மைக்ரோசாஃப்ட் தலைவர் பில் கேட்சுடன் தாம் நடத்திய உரையாடலில் இப்பொருள் பற்றிக் கருத்து வேறுபாடு எழுந்ததையும் அவர் மறைத்திலர்.

கேரளத்தில் வெற்றி ஒரே நாளில் விளைந்ததன்று. முதலில் இரு தளங்களும் ஒருங்கே அனுமதிக்கப்பெற்றன. ஆசிரியர்களே பயிற்றுநராகித் தம்மொத்த ஆசிரியர்க்குக் கற்பித்தனர். 2005ஆம் ஆண்டளவில் பத்தாம் வகுப்பில் தகவல் தொழில்நுட்பம் கட்டாயப் பாடமாயிற்று. 2006இல் ஸ்டால்மன் மீண்டும் கேரளம் வந்து முதலமைச்சர் வி. எஸ். அச்சுதானந்தனைச் சந்தித்தார். 2007ஆம் ஆண்டின் அரசுக் கொள்கை கட்டற்ற மென்பொருளை வெளிப்படையாக ஏற்றது. 2008ஆம் ஆண்டளவில் பள்ளிகளின் கணினிக் கல்வியும் தேர்வும் குனு லினக்ஸ் தளத்திற்கு மாறின. அத்திட்டமே 2017இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் கட்டற்ற தளத்தை நிறுவுவதால் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று அந்நிறுவனம் 2019இல் அறிவித்தது. இத்தொகை உரிமக் கட்டணங்களைக் கணக்கிட்டுக் கூறப்பெற்றதாகும். எனினும், மிச்சப்பட்ட பொருளினும் பெரிது வேறொன்று உண்டு என்பதே நம் கருத்து. அதுதான் மொழி.

கருவிக்காக மொழியா, மொழிக்காகக் கருவியா என்னும் வினா இந்நாட்டில் பழமையானது. தட்டச்சுப் பொறிக்கும் அச்சகத்திற்கும் ஏற்ப மலையாள எழுத்து முறையைக் கேரள அரசு 1971இல் சுருக்கியது. கூட்டெழுத்துகள் பல பிரிக்கப்பட்டன. கணினி வந்தபின், எத்தனை எழுத்து வடிவங்களையும் பொறியில் ஏற்ற இயலும் என்ற நிலை தோன்றிற்று. அப்போது பழைய முழு வரிவடிவத்தை மீட்கத் திருவனந்தபுரத்தில் 'ரசனா' என்னும் குழு 1999இல் எழுந்தது. கட்டற்ற மென்பொருளில் மலையாளத்தை நிலைநிறுத்த 2002இல் மற்றோர் இளைஞர் குழு தோன்றியது. எவரிடமும் கெஞ்சாமல் தம் மொழியைக் கணினியில் தாமே அமைத்துக்கொள்ள அவர்களால் இயன்றது. மூலநிரல் திறந்திருந்தமையே அதற்குக் காரணம். விற்பனை சிறிதாயின் வணிகர் ஒரு மொழியைப் புறக்கணிக்கலாம். திறந்த நிரலிலோ அம்மொழியைப் பேசும் பத்துப் பேர் முயன்றாலே போதும்.

தமிழின் நிலையையும் நோக்குவோம். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் யாவர்க்கும் வழங்கி வருகிறது. 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு விசைப்பலகையை ஒழுங்குபடுத்தியது. ஆயினும் நெடுங்காலம் ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. ஒன்றில் அச்சுக்கோத்ததை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றின. ஒருங்குறியைத் தமிழ்நாட்டு அரசு 2010இல் ஏற்ற பின்னரே இக்குழப்பம் குறையலாயிற்று. அதற்கு முன் பல ஊர்த் தமிழ்ச் சங்கங்கள் கணினியில் கோத்து வெளியிட்ட மலர்கள் தாளில் உள்ளன. அவற்றின் கணினிக் கோப்புகளையோ இன்று திறந்து படிப்பது அரிது. எழுதியது நாம், திறவுகோல் வேறெவரிடமோ! முப்பதாண்டும் நிரம்பாத எழுத்து இங்ஙனம் ஊமையாவதைக் காணின், உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி அலைந்த கதை நினைவிற்கு வராமற் போகாது. ஆற்று வெள்ளத்திலும் வேள்வித் தீயிலும் எத்தனை ஏடுகள் அழிந்தன! படியெடுத்துப் பரப்பப்பெற்றவை பிழைத்தன. பெட்டியில் பூட்டப்பெற்றவை செல்லுக்கு இரையாயின.

பாரதியார் பாடல்களின் வரலாறும் இதனையே அறிவுறுத்துகிறது. அவர் மறைவிற்குப் பின் அப்பாடல்களின் உரிமைகள் தனியார் கைகளில் இருந்தன. பாரதி விடுதலைக் கழகம் போன்ற அமைப்புகள் குரல் எழுப்பின. சென்னை அரசு 1949இல் அவ்வுரிமைகளைப் பெற்று, 1955இல் பொதுமக்களுக்கு உரியவை ஆக்கிற்று. அதனாலன்றோ இன்று எச்சிற்றூர்ப் பள்ளியிலும், எவரையும் கேளாமல் அவர் பாடலைப் பாடுகிறோம்! பாட்டிற்கு வேண்டிய அவ்விடுதலையே, நம் மொழியைத் தாங்கும் நிரலுக்கும் வேண்டும்.

மூலநிரலைப் படிக்கத் தெரியாத நமக்கு அது திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன என்று கேட்போர் உளர். சட்டம் பயின்றோர் ஊரில் நால்வரே. அதற்காகச் சட்டத்தை மறைத்து வைக்க ஒருப்படுவோமா? படிக்கவல்ல ஒருவர் படித்து உரைப்பார் என்னும் உறுதியே நமக்குக் காப்பு.

கேரளத்தில் வாழும் தமிழர்க்கு இதில் தனி ஆதாயமும் உண்டு. மூணாறு மலைத் தோட்டங்களிலும், பாலக்காட்டு எல்லை ஊர்களிலும், இத் திருவனந்தபுர மாவட்டத்திலும் தமிழ்வழிக் கல்வி பயிலும் பிள்ளைகள் உள்ளனர். அவர்தம் தொகை சிறிது. சிறுதொகைக்கெனத் தனிப்பொருள் ஆக்க வணிக நிறுவனம் முன்வருதல் அருமை. ஆயின் எழுத்தும் விசைப்பலகையும் திறந்த தளத்திலே அமைந்திருப்பதால், மலையாளத்தோடு ஒருங்கே தமிழையும் கன்னடத்தையும் அதே கணினியில் அமைப்பது எளிதாகிறது. சிறுபான்மை மொழிக்குக் கட்டற்ற மென்பொருள் உயிர்நாடி என்று நாம் கூறுவது இதனாலேயே.

எனினும் போர் முடிந்துவிட்டதென்று எண்ணுதல் தகாது. பள்ளியில் குனு லினக்ஸ் பயிலும் பிள்ளை வீட்டிற்கு வந்ததும் கையில் எடுக்கும் கைபேசியின் உட்கரு லினக்சேயாயினும், அதன்மேல் இயங்கும் செயலிகளிற் பல பூட்டப்பெற்றவை. நிரலைப் பற்றிய வாதம் இன்று தரவைப் பற்றிய வாதமாக வளர்ந்துள்ளது. 2020ஆம் ஆண்டு ஏப்ரலில், பெருந்தொற்றுக் காலத்து மக்கள்நலத் தரவுகளை அயல்நாட்டு நிறுவனம் ஒன்று கையாளுவது குறித்துக் கேரளத்தில் பெரும் பூசல் எழுந்தது. தனிமனிதர் அடையாளம் நீக்கியே அவற்றை வழங்குதல் வேண்டுமென உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. கருவி நம்முடையது, அதில் நாம் இடும் செய்தி எவருடையது என்னும் வினாவே இனி நம்முன் நிற்பது.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? அறிஞர் தொடங்கிய இயக்கத்தை நிலைநிறுத்தியவர் வகுப்பறை ஆசிரியர் என்பதே. பெரிய செயல்களுக்குப் பெரும்பதவி வேண்டுவதில்லை. நம் போன்ற சங்கங்களும் ஆற்றத்தக்க பணிகள் பல உள. மலர்களையும் உறுப்பினர் ஏடுகளையும் ஒருங்குறியில், எவரும் திறக்கத்தக்க கோப்பு வடிவில் சேமித்தல் ஒன்று. பழைய மலர்களை மின்வடிவாக்கிப் பொதுவில் வைத்தல் மற்றொன்று. விடுமுறை நாட்களில் நம் பிள்ளைகளுக்குத் தமிழில் தட்டச்சும், கட்டற்ற நிரலின் அடிப்படையும் கற்பித்தல் பிறிதொன்று. இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு கணினியும், வாரத்தில் ஒரு மாலையும், கற்பிக்க மனமுள்ள இருவரும் இருப்பின் போதும். பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு மொழியே கையிலுள்ள நிலம். அந்நிலத்தின் வேலியும் வாயிலும் நம் வசமே இருத்தல் வேண்டும்.