தையல் தெரியாத உடை

1939 ஜூலையில் நியூயார்க்கின் கேரவன் ஹாலில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு கூடியது. சுமார் 200 பேர் வந்திருந்தார்கள். பெரும்பாலோர் கோட்டும் டையுமாக இருக்க, லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ரயிலேறி வந்த ஃபாரஸ்ட் ஆக்கர்மன் பச்சை மேலங்கியோடு எதிர்கால மனிதராக வந்து நின்றார். ரசிகர்கள் வேடமிடும் வழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் என்ற பெயர் நெடுங்காலம் அவருக்கே இருந்தது. ஆனால் அவர் உடையையும், அதே கோலத்தில் தானும் உடன் வரத் தனக்கொரு உடையையும் தைத்தவர் மிர்டில் டக்ளஸ். ரசிகர் வட்டத்தில் அவருக்கு மொரோஜோ என்று பெயர். எதிர்காலத்துக்கு வெட்டுமாதிரி விற்ற கடை ஏது? 1936-இல் வெளிவந்த ‘திங்ஸ் டு கம்’ படத்தையும், பிராங்க் ஆர். பால் பத்திரிகைகளுக்கு வரைந்த ஓவியங்களையும் வைத்துத்தான் அவர் துணியை வெட்டினார்.

மறு ஆண்டு சிகாகோ மாநாட்டில் மாறுவேடப் போட்டியே நடந்தது. சித்திரக்கதைக் கொடுங்கோலன் மிங்காக வந்த டேவிட் கைலுக்கு முதல் பரிசு. அந்த உடையை உருவாக்கியவர் லெஸ்லி பெரி என்ற பெண். போட்டது ஒருவர், தைத்தது இன்னொருவர், பேர் போட்டவருக்கு!

தைத்தவரைப் போலவே தையலும் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பது இந்த உடைகளின் எழுதாத சட்டம். 1966 செப்டம்பரில் ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சிக்கு வந்தபோது அதன் ஆடை வடிவமைப்பாளர் வில்லியம் வேர் தீஸ் பொத்தானையும் ஜிப்பையும் பார்வையிலிருந்தே ஒழித்தார். ஜிப் இல்லாமல் சட்டையை எப்படி மாட்டுவது? கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வாக இறங்கும் ராக்லன் கைத் தையலுக்குள் அதை ஒளித்துவிட்டார். வெளியே பார்த்தால் வெறும் மடிப்புக் கோடுதான்.

துணிதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. முதல் இரண்டு பருவங்களிலும் சட்டைகள் வெலூரில் தைக்கப்பட்டன. வெல்வெட் போல இதற்கும் ரோமம் உண்டு. முன்பாகம், முதுகு, கை எல்லாவற்றையும் ரோமம் ஒரே திசையில் படுகிற மாதிரி வெட்டாவிட்டால் ஒரே சட்டையில் இரண்டு நிறம் தெரியும். பின்னல் துணியாதலால் இழுபடும். நேர்த்தையல் போட்டால் நூல் அறுந்துவிடும். இத்தனையும் சமாளித்துத் தைத்தால், சலவைக்குப் போய் வரும்போது சட்டை சுருங்கியிருக்கும்! மூன்றாம் பருவத்தில் இரட்டைப் பின்னல் நைலானுக்கு மாறினார்கள். இன்னொரு கூத்து: தொடரின் நாயகன் கேப்டன் கர்க்கின் பொன்னிறச் சட்டை உண்மையில் இளம்பச்சை. ஸ்டுடியோ விளக்கிலும் படச்சுருளிலும் அது மஞ்சளாக விழுந்தது. அசலைப் பார்க்காமல் தொலைக்காட்சியை நம்பித் துணி எடுத்த ரசிகர்கள் எல்லோரும் மஞ்சளில்தான் தைத்தார்கள்.

தொடர் 1969 ஜூனில் நின்றது. அடுத்த மாதமே நிஜ மனிதன் நிலவில் இறங்கினான். அவன் உடையில் மறைக்க எதுவுமில்லை. திரையில் ஒளிந்துகொண்ட ஜிப், ஆர்ம்ஸ்ட்ராங்கின் அப்போலோ உடையில் முதுகோடு இறங்கித் தொடையிடுக்கைச் சுற்றி ஓடியது. அதைத் தைத்தது டெலவேரிலிருந்த ஐ.எல்.சி. நிறுவனம். ‘பிளேடெக்ஸ்’ என்ற பெயரில் பெண்களின் உள்ளாடை விற்றுவந்த நிறுவனத்தின் கிளை அது. ரப்பர், நைலான், மைலார், டெஃப்லான் பூசிய கண்ணாடி இழைத் துணி என்று அடுக்கடுக்காக வைத்துத் தையல் எந்திரத்தில் கொடுத்தவர்கள் அங்கே வேலை பார்த்த பெண்கள். ஊசி ஓர் அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு விலகினாலே ஏற்கமாட்டார்கள். மறந்துபோன குண்டூசி ஒன்று உள்ளே கிடந்தால் காற்றுப் பை கிழிந்து ஆள் போய்விடுவான் என்பதால், தைத்து முடித்ததை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள்.

ரசிகர் மேடை அவ்வளவு கண்டிப்பாக இருந்ததில்லை. 1972-இல் லாஸ் ஏஞ்சலிஸ் மாநாட்டில் ஸ்காட் ஷா என்ற ஓவியர் ஊசி நூலே வேண்டாமென்று உடம்பெல்லாம் வேர்க்கடலை வெண்ணெயைப் பூசிக்கொண்டு வந்தார். அருகே நின்றவர்களின் உடையெல்லாம் பாழ். அதன்பின் வேர்க்கடலை வெண்ணெய்க்குத் தடை வந்தது. பிற்காலப் போட்டிகளில் மேடையில் காட்டும் தோற்றத்துக்கு ஒரு மதிப்பெண், தையல் நேர்த்திக்குத் தனி மதிப்பெண் என்று பிரித்தார்கள். நேர்த்தியைப் பார்க்கும் நடுவர்கள் மேடைக்குப் பின்னால் உடையைப் புரட்டி, உள்துணியையும் ஓரம் அடித்திருப்பதையும் விரலால் தடவிப் பார்ப்பார்கள்.

1987-இல் வந்த ‘ஸ்டார் டிரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடருக்கும் தீஸ்தான் உடை வடிவமைத்தார். இம்முறை ஸ்பான்டெக்ஸ், சுருக்கம் விழக் கூடாதென்று உடலளவைவிடச் சிறிதாக, ஒரே துண்டாக. நடிகர்களுக்கு முதுகுவலி வந்ததுதான் மிச்சம். மூன்றாம் பருவத்தில் ராபர்ட் பிளாக்மன் அதைக் கம்பளி கேபர்டினில் மேல் கீழ் என இரண்டாகப் பிரித்தார். உட்கார்ந்து எழுந்தால் மேற்சட்டை ஏறிக்கொள்ளும். கேப்டன் பிக்கார்டாக நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட் இரண்டு கையாலும் அதைக் கீழே இழுத்துவிட்டுக்கொள்வார். பிக்கார்டாக வேடமிடும் ரசிகர்கள் சட்டை கச்சிதமாக இருந்தாலும் அந்த இழுப்பை விடுவதில்லை.